சிவராத்திரிக்கு மறுநாள் இரவு

காவிரிக் கரையில் ஒரு கோயிலூர். அங்கே சந்நிதித் தெருவில் பல தலைமுறையாக வாழும் குடும்பம் ஒன்று. மகா சிவராத்திரியன்று அவ்வீட்டின் ஒன்பது வயதுப் பேரன், தாத்தாவோடு நான்கு காலப் பூஜையையும் கண்டே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தான். பாட்டிக்கு உள்ளூரப் பெருமை. மூன்றாம் காலம் வரை பிராகாரத்தில் ஓடியாடிக்கொண்டிருந்தவன், நான்காம் கால அபிஷேகத்தின்போது தாத்தாவின் தோளில் சாய்ந்தபடி, மூடும் இமைகளை இழுத்து இழுத்துத் திறந்துகொண்டிருந்தான். விடிந்ததும் குளித்துப் பள்ளிக்குப் புறப்பட்டுவிட்டான். பகலில் உறக்கமில்லை. அன்று இரவு எட்டு மணிக்கே பாயில் விழுந்தவன், அடித்துப் போட்டாற்போல் உறங்கிப்போனான்.

ஒன்பதரை மணியளவில் பாட்டி கூடத்தில் அமர்ந்து மறுநாளைக்குப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். பேரன் எழுந்து வந்தான். கண்கள் திறந்திருந்தன. ஆயினும் பார்வை எதன்மீதும் படியவில்லை. அழைத்ததற்கு மறுமொழி இல்லை. பூஜை அறைக்குள் சென்று சுவாமி படங்களின் எதிரே சற்று நேரம் நின்றான். பிறகு அறையின் மூலைக்குப் போய், குளியலறைக்கு வந்துவிட்டவனைப் போல, அங்கேயே சிறுநீர் கழித்தான். அதன்பின் கொல்லைக் கதவருகே சென்று தாழ்ப்பாளை நீக்கத் தொடங்கினான். கொல்லையில் கைப்பிடிச் சுவர் தாழ்ந்த பழைய கிணறு உண்டு.

பாட்டி அலறிக்கொண்டு ஓடிப்போய் அவனைப் பிடித்து உலுக்கினார். பையன் மிரண்டு, கைகளை உதறி, பாட்டியைத் தள்ளிவிட்டான். பத்து நிமிடங்கள் பொருளற்று ஏதோ முணுமுணுத்துவிட்டு மீண்டும் உறங்கிப்போனான். காலையில் கேட்டபோது அவனுக்கு எதுவும் நினைவில் இல்லை. பூஜை அறையைக் கழுவிவிட்டிருந்த பாட்டிக்கோ அது ஒன்றுதான் நினைவில் இருந்தது. பக்தியோடு வளர்ந்த பிள்ளை சுவாமி எதிரே அப்படிச் செய்வானா? செய்தவன் அவன் அல்லன், அவனுள் புகுந்த ஏதோ ஒன்று என்று முடிவு கட்டிவிட்டார்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஓர் இடம் சொன்னார். அங்கே மூன்று இரவுகள் தங்கவேண்டுமாம். நள்ளிரவில் எழுப்பித் தலையில் நீர் ஊற்றி, வேப்பிலையால் அடித்து மந்திரிப்பார்களாம். பாட்டி பயணத்துக்கு நாள் பார்க்கத் தொடங்கினார்.

“அத்தை, முதலில் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம். அதற்கப்புறம் நீங்கள் சொல்கிற இடத்துக்கும் போகலாம்” என்றாள் மருமகள்.

அதுவரை வாய் திறவாதிருந்த தாத்தா அப்போதுதான் பேசினார்.

“இவன் அப்பனும் இந்த வயதில் நடந்தவன்தான். நீ உன் தாய்வீட்டுக்குப் போயிருந்த சமயம். கோடைக்கு மொட்டை மாடியில் படுத்திருந்தோம். நடுராத்திரியில் எழுந்து சுவர் ஓரம் வரைக்கும் போய்விட்டான். நான்தான் போய்ப் பிடித்தேன். உன்னிடம் சொன்னால் பயந்துவிடுவாய். வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று எனக்கும் பயம்.”

முப்பது ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்த அந்தச் செய்திதான் மறுநாள் குழந்தை மருத்துவருக்கு எல்லாவற்றினும் பயன்பட்டது.

துயில்நடை என்று வழங்கும் இது பெரும்பாலும் குடும்பவழியில் வருவது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. தாய் தந்தை இருவருக்குமே இளமையில் இப்பழக்கம் இல்லாத குழந்தைகளில் 22.5 விழுக்காட்டினர் எப்போதேனும் உறக்கத்தில் நடந்திருந்தனர். பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் 47.4 விழுக்காடு, இருவருக்கும் இருந்திருந்தால் 61.5 விழுக்காடு. பத்து வயதை ஒட்டி இது உச்சத்தை அடைகிறது. அவ்வயதுக் குழந்தைகளில் நூற்றுக்குப் பதின்மூவரிடம் காணப்படுவதை அரிய நோய் என்று எவ்வாறு கூறுவது?

குடும்பவழி விதை என்றால், அது முளைக்க நீர் வார்த்தது சிவராத்திரிக் கண்விழிப்பு. இரவு முழுதும் ஒரே வகை உறக்கம் நிகழ்வதில்லை. ஆழ்துயில், கனவுத்துயில் எனப் பல படிகளாக, ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒரு சுற்றாக அது சுழல்கிறது. ஆழ்துயில் இரவின் முதற்பகுதியில் மிகுதி. கனவுத்துயில் விடியலை நோக்கி மிகுதி. ஒருநாள் உறக்கத்தைப் பறிகொடுத்த உடல், மறுநாள் அந்தக் கடனை ஆழ்துயிலாகவே முதலில் வசூலிக்கும். சிறுவர்களுக்கு இயல்பாகவே ஆழ்துயில் அதிகம். கடனும் சேர்ந்தால் கேட்கவேண்டியதில்லை. அந்த ஆழத்தில் இருக்கும்போது சிறுநீர் முட்டினாலோ, காய்ச்சல் கண்டாலோ, பாத்திரம் ஒன்று விழுந்து ஓசை எழுந்தாலோ, உறக்கம் முழுதும் கலையாமல் பாதியளவு மட்டும் கலைகிறது. அப்போது கால்கள் எழுந்துவிடுகின்றன, ஆள் எழுவதில்லை.

மான்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் 2008இல் இதனைச் சோதித்தே காட்டினர். உறக்கத்தில் நடக்கும் 40 பேரை ஆய்வகத்தில் உறங்கச் செய்தபோது, சாதாரண இரவில் பாதிப்பேரிடமே அதன் அறிகுறி தென்பட்டது. அவர்களையே 25 மணி நேரம் விழித்திருக்கச் செய்து பின் உறங்கவிட்டபோது, பத்தில் ஒன்பது பேரிடம் தென்பட்டது. சந்நிதித் தெருப் பையன் விழித்திருந்ததோ அதனினும் அதிகம்.

கனவு காண்பவன்தான் அக்கனவின்படி எழுந்து நடக்கிறான் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. இன்றும் பலர் அவ்வாறே எண்ணுகின்றனர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1953இல் கனவுத்துயில் கண்டறியப்பட்ட பின்னரே இந்த எண்ணம் ஆட்டம் கண்டது. கனவுத்துயிலின்போது மூளை, கண்ணையும் மூச்சையும் விட்டுவிட்டு மற்றத் தசைகளுக்கெல்லாம் பூட்டுப் போட்டுவிடுகிறது. கனவில் ஓடுபவன் படுக்கையில் கிடக்கிறான். ஓட முயன்றும் கால் நகராதது போன்ற கனவு பலருக்கும் பழக்கமானதுதான். ஆகவே பையன் கனவின்படி நடக்கவில்லை. ரோஜர் பிரௌட்டன் என்ற ஆய்வாளர் 1968இல், இதனைக் கனவின் கோளாறாக அன்றி விழிப்பின் கோளாறாகக் கருதவேண்டும் என்று எழுதினார். அதனை மெய்ப்பிப்பது போல, 2000ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், 16 வயது இளைஞர் ஒருவர் உறக்கத்தில் எழுந்த அதே நேரத்தில் அவருடைய மூளையின் இரத்த ஓட்டத்தைப் படம் பிடிக்க முடிந்தது. இயக்கத்தோடு தொடர்புடைய பகுதிகள் சுறுசுறுப்பாக இருந்தன. இடம், பொருள், தகுதி ஆராயும் முன்மூளையோ உறங்கிக்கொண்டிருந்தது. பூஜை அறைக்கும் குளியலறைக்கும் வேறுபாடு காண வேண்டிய பகுதி அதுவே.

சைவ சித்தாந்தம் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என ஐந்து அவத்தைகளைக் கூறும். நனவு நிலைக்குள்ளேயே இவ்வைந்தும் கலந்து நிகழ்வதை மத்தியாலவத்தை என்று தனியே பிரித்தும் பேசும். இதனைக் கொண்டு, தூக்க ஆய்வகத்தின் செய்தியெல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசவேண்டியதில்லை. அவர்கள் ஆராய்ந்தது உயிரின் நிலை. ஆய்வகம் அளப்பது மூளையின் நிலை. ஆயினும், விழிப்பும் உறக்கமும் சுவர் எழுப்பிப் பிரித்த இரண்டு அறைகள் அல்ல என்ற எண்ணம், சித்தாந்தம் கேட்டுப் பழகிய செவிக்குப் புதிதன்று. மருத்துவர் சொன்னதைத் தாத்தா விரைவில் பிடித்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

பகவான் ரமணரின் இளமையும் அவருக்கு நினைவு வந்தது. மதுரையில் சிறுவன் வேங்கடராமனிடம் பகலில் மோத அஞ்சிய பிள்ளைகள், இரவில் அவன் உறங்கும்போது எழுப்பி அழைத்துச் சென்று, ஆசைதீர அடித்து, திரும்பக் கொண்டுவந்து கிடத்திவிடுவார்களாம். காலையில் அவனுக்கு ஒன்றும் தெரியாது. அதனைத் துயில்நடை என்று வரலாறு கூறவில்லை, கூறவும் வேண்டாம். உடல் எழுந்து சென்று வந்தாலும் உள்ளம் அறியாதிருக்கும் உறக்கம் உண்டு என்பதற்கும், அது பேய்க்குறி அன்று என்பதற்கும் பாட்டிக்கு அது போதுமான சான்றாக இருந்தது.

உறக்கத்தில் நடப்பவரை எழுப்பினால் உயிர் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது உண்மையன்று. முசுகுந்த சக்கரவர்த்தியின் கதையை அன்பர்கள் அறிவர். குகையில் துயின்றிருந்த அவரை உதைத்து எழுப்பிய காலயவனன்தான் சாம்பலானானே தவிர, எழுந்தவருக்கு ஒன்றும் நேரவில்லை. இங்கும் ஏறக்குறைய அதுவே. உலுக்கி எழுப்புபவர்தாம் தள்ளுண்டு விழுவார். பாதி கலைந்த மூளைக்கு உலுக்கும் கை பாட்டியின் கையாகத் தோன்றாது, தாக்க வரும் கையாகவே தோன்றும். உரக்கக் கூவாமல், தோளில் மெல்லக் கைவைத்து, “வா, படுத்துக்கொள்” என்று தணிந்த குரலில் சொல்லித் திருப்பி அழைத்து வருவதே நலம். பெரும்பாலும் குழந்தை பின்னோடு வந்துவிடும்.

வீட்டில் செய்யவேண்டியவை எளியவை. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும்; முதன்மையான மருந்து அதுதான். படுக்குமுன் சிறுநீர் கழிக்கச் செய்யவேண்டும். மொட்டை மாடியிலும் உயரமான கட்டிலிலும் படுக்கவிடலாகாது. இவ்வகையில் பாய்க்கு நிகரில்லை. கொல்லைக் கதவுக்குக் குழந்தையின் கை எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும், அசைந்தால் ஒலிக்க ஒரு சிறு மணியும் அமைக்கலாம். கிணற்றுக்கு மூடி மிக அவசியம். நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுந்து நடப்பதாக இருந்தால், அதற்குக் கால் மணி அல்லது அரை மணி முன்னதாகக் குழந்தையை மெல்ல எழுப்பி மீண்டும் உறங்கவைக்கும் முறையைச் சில வாரங்கள் கைக்கொள்ள மருத்துவர்கள் கூறுவதுண்டு. காலையில் நாலுபேர் முன்னிலையில் அதைச் சொல்லிச் சிரிப்பது மட்டும் கூடாது. தன்னை அறியாமல் செய்ததற்காக நாணும் குழந்தை, அதன்பின் உறங்கவே அஞ்சும்.

பெருங்குறட்டை இருந்தாலோ, ஒரே விதமான வெட்டியிழுப்பு ஓர் இரவில் பலமுறை வந்தாலோ, நாக்கைக் கடித்துக்கொண்டாலோ மருத்துவர் வேறு சோதனைகள் செய்வார். மூச்சடைப்போ வலிப்போ அவ்வாறு தோற்றம் தருவதுண்டு. பையனுக்கு அவை எதுவும் இல்லை.

“அப்படியானால் மந்திரிக்கப் போக வேண்டாமா டாக்டர்?” என்று பாட்டி கேட்டார்.

“திருநீறு பூசி, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பதிகம் பாடித் தூங்க வையுங்கள் அம்மா. பிள்ளை நிம்மதியாகத் தூங்குவான், நல்லதுதான். ஆனால் மூன்று ராத்திரி தூங்கவிடாமல் எழுப்பி அடிக்கிற இடத்துக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள். எதனால் இது வந்ததோ அதையே மூன்று மடங்காகக் கொடுப்பதாகிவிடும்.”

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. பருவ வயதை எட்டும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தானே நின்றுவிடுகிறது. அதற்குமுன் கடைசியாக எந்த இடத்துக்கு அழைத்துச் சென்றார்களோ, அவ்விடத்துக்குப் புகழ் சேர்ந்துவிடுகிறது.

விடைபெற்று எழுந்த பின்னும் பாட்டி வாயிற்படியில் தயங்கினார். கேட்கலாமா வேண்டாமா என்ற தயக்கம். பிறகு கேட்டேவிட்டார்.

“பேரனுக்குத் தாத்தாவிடமிருந்துதான் வந்திருக்கும் போலிருக்கிறது. இவரும் ஒரு வருஷமாக விடியற்காலையில் கத்துகிறார், காலை உதைக்கிறார். எழுந்து நடப்பதில்லை, அவ்வளவுதான்.”

முன்கையை மறைத்திருந்த சேலைத் தலைப்பைச் சற்று விலக்கினார். நீலம் பாய்ந்த தழும்பு.

அதுவரை புன்னகையோடு பேசிக்கொண்டிருந்த மருத்துவர் இருவரையும் மீண்டும் அமரச் சொன்னார். வினாக்கள் வேறாயின. கண்கள் மூடியிருக்குமா, திறந்திருக்குமா? மூடியிருக்கும். எழுப்பினால் தெளிவாக எழுவாரா? உடனே எழுவார். கனவு நினைவிருக்குமா? “இருக்கும், மாடு முட்ட வரும், இல்லையென்றால் யாரோ துரத்துவார்கள், நான் தடுப்பேன்” என்றார் தாத்தா. கடைசி வினா வியப்பூட்டியது.

“ஐயா, கற்பூர வாசனை முன்புபோல் தெரிகிறதா?”

தாத்தா சற்று யோசித்தார். கற்பூரம், சந்தனம், தாழம்பூ எதிலும் இரண்டு ஆண்டுகளாக மணம் குறைந்துவிட்டதாகவே அவர் எண்ணியிருந்தார். கடைக்காரன் கலப்படம் செய்கிறான் என்று ஒருமுறை சண்டையும் போட்டிருந்தார்.

பேரனுடையதும் இதுவும் ஒன்றல்ல. ஏறத்தாழ நேர் எதிரானவை. பேரனுக்கு உறக்கத்தின் ஆழத்தில், இரவின் முற்பகுதியில், கனவின்றி, நினைவின்றி நிகழ்வது. தாத்தாவுக்குக் கனவுத்துயிலில், விடியலை ஒட்டி, கனவோடும் நினைவோடும் நிகழ்வது. கனவின்போது தசைகளுக்கு மூளை போடும் பூட்டு பழுதாகிவிட்டது. ஆகவே கனவில் வீசிய கை மெய்யாகவே வீசுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஷென்க், மகவால்ட் முதலிய மருத்துவர்கள் 1986இல் இதனைத் தனி நோயாக இனங்கண்டு எழுதினர். ஐம்பது வயது கடந்த ஆண்களிடமே இது மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. மனச்சோர்வுக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகளாலும் இது தோன்றலாம். அவ்வாறு வெளிக்காரணம் ஏதும் இல்லாதபோது, பார்கின்சன் என்னும் நடுக்குவாத நோயோ அதனைச் சார்ந்த மறதிநோயோ பல ஆண்டுகளுக்குப் பின் வரவிருப்பதன் முன்னறிவிப்பாக இது அமைவதுண்டு. மோப்பம் மங்குவதும் நாட்பட்ட மலச்சிக்கலும் அதே வரிசையைச் சேர்ந்தவை. கை நடுங்கத் தொடங்குவதற்குப் பத்தாண்டுகள் முன்னரேகூட இவை தோன்றக்கூடும்.

முதுமையில் இரவில் எழுந்து நடமாடுவதற்கு வேறு காரணங்களும் உள. மறதிநோய் கண்டவர் நள்ளிரவில் எழுந்து, பழைய வீட்டுக்குப் போகவேண்டும் என்று வாயிற்கதவைத் திறப்பது துயில்நடை அன்று. அவர் விழித்துத்தான் இருக்கிறார், இடமும் காலமும் குழம்பிவிட்டன. சோல்பிடம் போன்ற உறக்க மாத்திரைகளை உட்கொண்டவர்கள் தம்மை அறியாமல் எழுந்து நடப்பதும், சமைத்து உண்பதும், வண்டி ஓட்டுவதும் நேர்ந்ததால், 2019இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அம்மாத்திரைகளுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் முதியோர் இதனை மனத்தில் கொள்வது நன்று. அறுபதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் எந்த இரவு நடமாட்டத்தையும் பிள்ளைப் பருவத்துத் துயில்நடையோடு சேர்த்து, போகட்டும் என்று விட்டுவிடலாகாது.

குழந்தைக்கு ஓடி ஓடி வழி தேடிய அவ்வீட்டில், தாத்தாவின் கைவீச்சைக் குறித்து ஓராண்டாக எவரும் எவரிடமும் பேசவில்லை. பாட்டி தழும்பை மறைத்தார். தாத்தா கனவை மறைத்தார்.

தஞ்சாவூரில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் தாத்தா காட்டப்பட்டார். ஓர் இரவு முழுதும் உடலில் கம்பிகள் பொருத்தி உறங்கவைத்துச் சோதித்ததில் குழந்தை மருத்துவரின் ஐயம் உறுதியாயிற்று. நடையிலோ கைகளிலோ நடுக்குவாதத்தின் அறிகுறி இன்னும் இல்லை. வரும் நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இதுவரை இல்லை என்பதையும், வராமலே பல்லாண்டுகள் கழியலாம் என்பதையும் மருத்துவர் மறைக்காமல் சொன்னார். கனவின் உதைப்பைத் தணிக்க மாத்திரை உண்டு. ஆண்டுதோறும் வந்து காட்டவேண்டும், நாள்தோறும் நடக்கவேண்டும். கோயிலை வலம் வருவதை நிறுத்தவேண்டியதில்லையே என்று தாத்தா கேட்டார். இன்னும் இரண்டு சுற்றுகள் கூட்டிக்கொள்ளச் சொன்னார் மருத்துவர்.

கட்டில் அகற்றப்பட்டது. தாத்தாவுக்கும் தரையில் மெத்தை. பாட்டி தம் படுக்கையை நான்கு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். கிணற்றுக்குக் கம்பி வலை வந்தது.

அடுத்த சிவராத்திரியில் பேரன் இரண்டாம் காலத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டான். மறுநாள் பள்ளிக்கு விடுப்பு; பகல் முழுதும் உறங்கினான். கொல்லைக் கதவின் மணி அவ்வாண்டில் இருமுறைதான் இரவில் ஒலித்தது. ஒருமுறை பேரன். பாட்டி கூவவில்லை, தோளில் கைவைத்துத் திருப்பி அழைத்து வந்து படுக்கவைத்தார். மற்றொரு முறை பார்த்தபோது, காற்று.